வெள்ளம் வடிந்தபின் தொடங்கும் கடமை



வெள்ளம் ஓரிரு நாளில் வடிந்துவிடும். அது விட்டுச்செல்லும் துயரம் வடியப் பல திங்கள்கள் ஆகும். முதல்நாள் உணவுப் பொட்டலத்தோடு தீர்ந்துவிடும் இரக்கம் இரக்கமாகாது.

2024 திசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயலால் ஊற்றங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. திசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் சாத்தனூர் அணையினின்று நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பெற்றது. தென்பெண்ணைக் கரையூர்களுக்குள் நீர் புகுந்தது. முன்னறிவிப்புகள் விடுத்ததாக அரசு கூறியது. 'கன அடி' என்னும் கணக்கும் 'ரெட் அலர்ட்' என்னும் அயற்சொல்லும் உழவனுக்கு எதனை உணர்த்தும்? எத்தெருவில், எந்நேரத்தில், எவ்வளவு உயரத்திற்கு நீர் வரும் என்று அவன் தாய்மொழியில் சொல்வதன்றோ அறிவிப்பு! உயிர்காக்கும் சொல் அயன்மொழியில் இருப்பது மொழிக்கேடு மட்டுமன்று; உயிர்க்கேடுமாகும்.

துயர்துடைப்புத் தொகையாக நெற்பயிர்க்கு எக்டேருக்கு 17,000 உருபாவும், இறந்த மாட்டிற்கு 37,500 உருபாவும் அறிவிக்கப்பெற்றன. கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 உருபா. நிலமும் மாடும் இல்லாத கூலியாளுக்கும், தறிக்குழியில் நீர் தேங்கி வேலையிழக்கும் நெசவாளிக்கும் அவ்விரண்டாயிரம் எத்தனை நாளைக்குப் போதும்? இழந்த பொருளுக்கு ஈடு இருப்பதுபோல் இழந்த உழைப்புக்கும் ஈடு வேண்டும்.

மல்லசமுத்திரத்தாரும் இதனை அயலூர்ச் செய்தியென்று விட்டுவிடலாகாது. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு, சேலத்தின் கழிவுநீரையும் சாயநீரையும் சுமந்தே நம் பக்கம் வருகிறது. அது கரைபுரண்டால் கிணறுகளும் நஞ்சாகும். ஆகலின் இங்கே துயர்துடைப்பின் முதற்பணி சோறன்று. தூய குடிநீரும், கிணறு இறைத்துத் தூய்மை செய்தலுமேயாம்.

2018இல் கேரள வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோரை மீட்டவர்கள், தம் படகுகளோடு வந்த மீனவர்களே. அருகிலிருப்பவனே முதலில் உதவுவான் என்பதற்கு அதுவே சான்று. நம் ஊர்களில் படகில்லை. எனினும் காவிரிக்கரைப் பரிசல் உண்டு. அதனையும் கயிற்றையும் மழைக்கு முன்பே வாங்கி வைக்கலாம். முதியோர், நோயாளர், கருவுற்றார் எவ்வீட்டில் உளர் என்று தெருத்தோறும் எழுதி வைக்கலாம்.

பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி காக்க வாரியம் அமைத்ததனை உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும். அப்பெருமையைப் பேசிக்கொண்டே ஏரிக்குள் வீடு கட்டுவோமாயின், அடுத்த வெள்ளத்திற்கு நாமே கால்கோள் செய்தவராவோம். இக்கோடையிலேயே வரத்து வாய்க்கால்களைத் தூர்வாருக! கரைகளைக் கட்டுக!