சும்மா எடுத்த படங்கள்

பின்னேரம் பண்ணைப் பாலத்தடிக்குப் போனால் எல்லாருடைய போனும் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும். நாங்களும் எடுக்கிறனாங்கள்தான். ஆனால் அந்தப் படங்களை இரண்டாந்தரம் பார்ப்பதில்லை. திரும்பத் திரும்பப் பார்ப்பது சும்மா எடுத்ததுகளைத்தான்: அம்மம்மா முற்றம் கூட்டுறது, வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள், மழைக்குள் ஒரு சைக்கிளில் மூன்று பேர், பாதி குடித்த பிளேன்ரீ.

"உதையெல்லாம் ஏன் எடுக்கிறியள்?" என்று வீட்டில் கேட்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் பழைய அல்பம் உள்ள வீடுகள் குறைவு. 1995 இடப்பெயர்வில் எத்தனையோ பேர் அவற்றை விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டார்கள். தப்பியதும் பெரும்பாலும் கலியாணவீடு, சாமத்தியவீடு, அடையாள அட்டைக்கு எடுத்த முகம். ஒரு பிலிம் றோலில் 36 படம்தான். அதை அடுப்படிக்கு ஆர் செலவழிப்பினம்? அதனால் எங்கட அம்மாக்கள் விளையாடித் திரிந்த முற்றங்களுக்குப் படமே இல்லை.

எங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆகவே நல்லநாள் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிராமல் சாதாரண நாளை எடுங்கோ. ஒன்றிரண்டு போதும்; பிறகு போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணியை ஆறமுதல் குடியுங்கோ. போன் உடைந்தால் இதுகளும் போய்விடும். வருசத்துக்குப் பத்துப் படத்தையாவது பிரிண்ட் போட்டு வையுங்கோ.