குரோமியக் குவியல் யார் தலையில்?



வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ளவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. காரணம், தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை விட்டுப்போன இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு. 1975 முதல் சுமார் 20 ஆண்டுகள் ஓடிய ஆலை அது. லாபம் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். கழிவு மட்டும் போக மறுக்கிறது.

தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகள் அங்கே தயாராயின. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துச் சூளையில் வறுத்து, தண்ணீரில் கரைத்து குரோமேட்டைப் பிரித்தெடுப்பார்கள். மிஞ்சும் சக்கையிலும் ஆறு இணைதிறன் குரோமியம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது நீரில் எளிதில் கரையும், புற்றுநோயை உண்டாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது. ஆனால் மழை பெய்து ஓய்ந்ததும் அந்த வளாகத்திலிருந்து கசியும் தண்ணீர் பார்த்தாலே தெரிகிற மஞ்சள். அளக்கக் கருவியே வேண்டாம். அது நிலத்தடி நீரில் இறங்குகிறது. பாலாறும் தொலைவில் இல்லை.

இந்த வட்டாரத்துத் தோல் ஆலைகளை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். தீர்ப்பு பிறந்த மண்ணிலோ கழிவு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. ஆய்வு, அறிக்கை, அதிகாரிகள் வருகை இவற்றுக்கு மட்டும் குறைவில்லை.

தோல் தொழிலை மூடச் சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் அதே சிப்காட்டில் 2015 ஜனவரியில் தோல் ஆலைக் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, இரவில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற அலட்சியத்துக்கு விலை கொடுத்தவர்கள் முதலாளிகள் அல்லர்.

மழைக்கு முன் குவியலிலிருந்து நீர் கசியாதபடி மூட வேண்டும். சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். கழிவை அகற்றி முடிக்கும் நாளை அரசு அறிவிக்க வேண்டும். அதற்கான செலவை ஆலையை நடத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். மக்கள் வரிப்பணக் கணக்கில் எழுதக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வாலாஜாபேட்டை.