கேரவனும் ஓட்டுநர் உரிமமும்

கோடை விடுமுறையில் ஐதராபாத்திலிருந்து கர்நூல், அனந்தபுரம் வழியாகத் தாயகம் செல்லும் அன்பர் சிலர், உண்ணவும் உறங்கவும் வசதியுள்ள கேரவனைக் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத் தனி உரிமம் வேண்டுமோ என வினவுகின்றனர். படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்கென நிற்கும் கேரவன் தானே ஓடுவது. அதனை ஈண்டுக் கருதவில்லை. இழுக்கப்படும் வண்டியைப் பற்றியதே இவ்வினா.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, உரிம வகைகளை எண்ணுங்கால் இழுவண்டியைத் தனியே பெயர் சுட்டவில்லை. முன்னே செல்லும் வண்டிக்குரிய உரிமமே முதன்மையானது. டிராக்டர் உரிமம் பெற்றவர் இழுவண்டியைப் பூட்டியதனால் தகுதி இழந்தார் என்று காப்பீட்டு நிறுவனம் ஒன்று வாதிட்டபோது, 2001இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

இதனைக் கேட்டவுடன் கொக்கியை மாட்டிப் புறப்பட்டுவிடலாகாது. எஞ்சின் இல்லையேனும் இழுவண்டியும் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே. 61ஆம் பிரிவின்படி அதற்குத் தனிப் பதிவு வேண்டும். அதன் எண் பக்கவாட்டிலும், இழுக்கும் காரின் எண் இழுவண்டியிலும் விளங்க வேண்டும். பட்டறையில் தகடு வளைத்துச் செய்த கூண்டைப் பதிவின்றி இழுப்பவருக்கு உரிமம் மட்டும் துணை நில்லாது. காரின் காப்பீடு இழுவண்டியையும் தழுவுகிறதா என நிறுவனத்தாரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுக. இல்லையெனின், பிறர்க்கு நேரும் தீங்கிற்கான இழப்பீடு வீட்டையே விற்கச் செய்யினும் செய்யும். கார் எத்துணை எடை இழுக்கவல்லது என்பது அதன் கையேட்டில் உண்டு. அதனைப் படிப்போர்தாம் அரியர்.

அயல்நாட்டில் மக்களைக் காணச் சென்று, அங்கே கேரவன் ஓட்ட விழையும் பெற்றோர் நிலை வேறு. நம் போக்குவரத்து அலுவலகம் ஓராண்டிற்கு வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையைத் தழுவியது. அதில் காருக்குரிய 'பி' வகை, 750 கிலோவுக்கு மேற்படாத இழுவண்டியையே உடன் கொள்ளும். அதனினும் கனத்ததற்கு 'இ' வகை வேண்டும். பெரிய கேரவன்கள் பெரும்பாலும் இவ்வெல்லையைக் கடந்தவை. பிரிட்டனில் 1997 முதல் கார்த் தேர்வில் தேறியோர்க்கும் கனத்த இழுவண்டிக்குத் தனித் தேர்வு இருந்தது; 2021 டிசம்பர் 16இல் அது நீக்கப்பெற்றது. அஃது அந்நாட்டு உரிமம் உடையோர்க்கான சலுகை. நம்மவர் தம் அனுமதிப் புத்தகத்தில் 'இ' என்னும் கட்டத்தில் முத்திரை உள்ளதா என்று பயணச்சீட்டு வாங்கும் முன்னரே பார்த்துக்கொள்க.