உன் பாட்டு உனக்கு மட்டுமில்ல!

கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்து, நோட்டோட பின்பக்கத்துல பாட்டு எழுதுற பார்ட்டியா நீங்க? எழுதி முடிச்சதும், 'சே... இது என் சொந்தக் கதை. இதை எவன் கேட்பான்?'னு கிழிச்சுப் போடுற ஆளா? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான். வாங்க, ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். ஆள் பேரு ஆர்ச்சி ரோச். கையில் ஒரு கிடார், தொண்டையில் ஒரு வாழ்க்கை. அவ்வளவுதான் அவரோட சொத்து!

1956-ல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர் ஆர்ச்சி. ஆஸ்திரேலியப் பூர்வகுடி. அந்தக் காலத்தில் அங்கே அரசாங்கமே ஒரு கொடுமையைச் செஞ்சது. பூர்வகுடிக் குழந்தைகளை அப்பா, அம்மாவிடமிருந்து பிரிச்சு, விடுதிகளிலும் வெள்ளைக்காரக் குடும்பங்களிலும் வளர்த்தாங்க. 'எல்லாம் அவங்க நல்லதுக்குத்தான்'னு காரணம் வேற! 1910 முதல் 1970 வரை, பத்தில் ஒரு குழந்தை முதல் மூணில் ஒரு குழந்தை வரை இப்படிப் பிரிக்கப்பட்டதா 1997-ல் வந்த விசாரணை அறிக்கை சொல்லுது. 'திருடப்பட்ட தலைமுறை'ன்னே அவங்களுக்குப் பேர்!

ஆர்ச்சியையும் நடக்கிற வயசிலேயே தூக்கிட்டுப் போயிட்டாங்க. கடைசியா மெல்பர்னில் காக்ஸ் என்கிற ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் சேர்ந்தார். நல்ல மனுஷங்க. ஆர்ச்சிக்கு இசை ஒட்டிக்கிட்டதும் அந்த வீட்டில்தான். ஆனா, 'பையனோட குடும்பம் தீ விபத்தில் செத்துப் போச்சு'ன்னு அவங்களிடமே அதிகாரிகள் பொய் சொல்லியிருந்தாங்க.

ஆர்ச்சிக்குப் பதினாலு, பதினைந்து வயசு இருக்கும். ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. எழுதினது, அப்படி ஒருத்தங்க இருக்காங்கன்னே அவருக்குத் தெரியாத சொந்த அக்கா! 'நம்ம அம்மா இறந்துட்டாங்க'ங்கிறதுதான் சேதி. யோசிச்சுப் பாருங்க... அம்மா உயிரோடதான் இருந்தாங்கன்னு தெரிஞ்சுக்கிறதும், இப்போ இல்லைன்னு தெரிஞ்சுக்கிறதும் ஒரே லெட்டரில்!

கிடாரைத் தூக்கிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பிட்டார். அப்புறம் தெரு, குடி, போலீஸ்... வருஷக்கணக்கா இதுதான் வாழ்க்கை. நடுவில் அடிலெய்டில் ரூபி ஹன்டரைச் சந்திச்சார். அவங்களும் எட்டு வயசில் குடும்பத்திடமிருந்து பிரிக்கப்பட்ட பொண்ணு. ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்து, ரெண்டு பசங்களைப் பெத்து, ஒரு வழியா குடியையும் விட்டாங்க.

சொந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர், ஆர்ச்சியைத் தூக்கிட்டுப் போன அந்த நாளைப் பத்தி விவரமாச் சொன்னார். 'இதை ஒரு பாட்டா எழுதேன்'னும் தூண்டினார். அப்படிப் பிறந்ததுதான் 'டுக் த சில்ட்ரன் அவே'. அலங்காரம் கிடையாது. வந்தாங்க, கூட்டிட்டுப் போனாங்க, இதுதான் நடந்ததுன்னு நேரா சொல்ற பாட்டு.

டி.வி.யில் இவர் பாடினது, பிரபல பாடகர் பால் கெல்லி டீமோட கண்ணில் பட்டது. மெல்பர்னில் நடந்த தன்னோட கச்சேரியில் முதல்ல பாட இவரைக் கூப்பிட்டார் கெல்லி. ஆர்ச்சி பாடி முடிச்சார். அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை! 'போச்சுடா, யாருக்கும் பிடிக்கலை'ன்னு நினைச்சுத் திரும்பி நடக்க ஆரம்பிச்சார். அப்போதான் முதுகுக்குப் பின்னாடி கைதட்டல் கிளம்பி, மெள்ள மெள்ள அரங்கமே அதிர்ந்துச்சு. அவ்வளவு நேரம் ஜனங்களுக்குப் பேச்சே வரலை பாஸ்!

ஆல்பம் பண்ணலாம்னு கெல்லி கேட்டதும் ஆர்ச்சி தயங்கினார். அப்போ ரூபி போட்டாங்க பாருங்க ஒரு போடு! 'இது உன் ஒருத்தனோட விஷயம் இல்லை. நம்ம ஜனங்கள்ல எத்தனை பேருக்கு ஆல்பம் போடுற வாய்ப்பு கிடைக்குது?' என்கிற அர்த்தத்தில் ஒரு கேள்வி. மனுஷனிடம் பதில் இல்லை. 1990-ல் 'சார்கோல் லேன்' ஆல்பம் வந்தது. அப்போ அவருக்கு வயசு 34. அதே வருஷம் அந்தப் பாட்டுக்கு மனித உரிமை விருது! ஆல்பத்தில் ரூபி எழுதின ஒரு பாட்டும் உண்டு. 1994-ல் அவங்களே தனி ஆல்பமும் போட்டாங்க.

விசாரணை அறிக்கை வர்றதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே பாட்டு வந்துருச்சு, கவனிச்சீங்களா? 2008 பிப்ரவரி 13-ல் பிரதமர் கெவின் ரட், பார்லிமென்ட்டில் அந்தத் தலைமுறையிடம் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். பாட்டு ஒண்ணால மட்டும் அது நடந்துடலை. எத்தனையோ பேர் தங்களுக்கு நடந்ததை வெளியே சொன்னாங்க. ஆனா, 'எனக்கும் இதேதான் நடந்தது'ன்னு வாய் திறக்கிற தைரியத்தைப் பலருக்கு இந்தப் பாட்டு கொடுத்துச்சு.

2010-ல் ரூபி இறந்துட்டாங்க. அதே வருஷம் ஆர்ச்சிக்குப் பக்கவாதம். அடுத்து நுரையீரல் புற்றுநோய். பாதி நுரையீரல் போச்சு. 'இனி அவ்வளவுதான்'னு நினைப்பீங்க. 2012-ல் புது ஆல்பத்தோட வந்து நின்னார் மனுஷன்! 2020-ல் ஆஸ்திரேலிய இசைத் துறையின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் கிடைச்சப்போ, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோட உட்கார்ந்து அதே பாட்டைப் பாடினார்.

2022 ஜூலை 30-ல் 66 வயசில் காலமானார். பூர்வகுடிகள் பலரிடம், இறந்தவரோட பேரையும் படத்தையும் கொஞ்ச காலத்துக்குத் தவிர்க்கிற வழக்கம் உண்டு. ஆனா அவர் பசங்க, 'அப்பா பேரைத் தாராளமாச் சொல்லுங்க'ன்னு அனுமதி கொடுத்தாங்க. அவர் பாட்டு இன்னும் பலருக்குப் போய்ச் சேரணுமாம்!

ஸோ ஃப்ரெண்ட்ஸ், அந்த நோட்டுப் பேப்பரைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி ரூபி கேட்ட கேள்வியை ஒரு தடவை உங்களையே கேட்டுக்கோங்க. அது நிஜமாவே உங்க கதை மட்டும்தானா?