மாதருக்குத் தேசம் பட்ட கடன்

கடன் வாங்கிய ஒருவன் குறித்த தவணையில் செலுத்தத் தவறினால் அவனை நாணயமற்றவன் என்கிறோம். தவணை கடந்து ஐம்பது வருஷம் சென்ற பின்பு அவன் எழுந்து நின்று, "இனிமேல் என்னோடு கணக்கு வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒழுங்காகச் செலுத்துவேன், பழைய கணக்கைப் பற்றி மட்டும் யாரும் பேச வேண்டாம்" என்று சொன்னால் அவனை என்னவென்று சொல்வது? கல்வி விஷயத்தில் நமது தேசம் தன் ஏழை மாதருக்கு இன்று சொல்லிவரும் பதில் இதுவே. கடுமையான வார்த்தை என்று சிலர் நினைக்கலாம். கணக்கைப் பார்த்த பின் அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

1950-ஆம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 45-வது விதி, பதினான்கு வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்து வருஷத்துக்குள் முயல வேண்டும் என்று சர்க்காருக்கு விதித்தது. அந்தத் தவணை 1960-இல் முடிந்தது. 2002-இல் சட்டத்தைத் திருத்திக் கல்வியை அடிப்படை உரிமையாக்கினார்கள். 2009-இல் அதற்கெனச் சட்டம் இயற்றினார்கள். 2010 ஏப்ரல் 1-ந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள குழந்தைகளுக்கே அந்த உரிமை. 1960-க்கும் 2010-க்கும் இடையில் பதினான்கு வயதைத் தாண்டிப் போனவர்கள் உரிமையற்றவர்கள். 2010-க்குப் பின்னரும், பன்னிரண்டு வயதில் வேலைக்கோ விவாகத்துக்கோ இழுத்துச் செல்லப்பட்ட பெண், பதினான்கு வயதைத் தாண்டிய பின் திரும்பி வந்தால் அவளுக்கும் உரிமையில்லை.

"முயல வேண்டும் என்றுதானே சட்டம் சொல்லிற்று, கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லையே" என்று வக்கீல்கள் வாதிக்கக்கூடும். கோர்ட்டில் அந்த வாதம் எடுபடலாம். சுதந்திரப் போரில் சிறை சென்றவர்கள் ஜனங்களுக்குக் கொடுத்த வாக்கை வக்கீல் தராசில் நிறுத்துப் பார்ப்பது நமது தேசத்துக்குப் பெருமையாகாது.

கடனின் அளவு என்ன? 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 25.76 கோடிப் பேர். அவர்களில் ஆண்கள் 9.08 கோடி, பெண்கள் 16.68 கோடி. 2009 முதல் 2018 வரை நடந்த எழுத்தறிவுத் திட்டத்தில் 7.64 கோடிப் பேர் எழுத்தறிந்தவர்களாகச் சான்று பெற்றார்கள் என்று சர்க்கார் சொல்கிறது. அதை அப்படியே ஒப்புக்கொண்டாலும் மிச்சம் கோடிக்கணக்கில் நிற்கிறது. அன்றியும் இக்கணக்கு எழுத்தே தெரியாதவர்களைப் பற்றியது. ஐந்தாவதோடும் எட்டாவதோடும் நின்றுபோனவர்கள் இதில் சேரமாட்டார்கள்.

இப்பெண்கள் யார்? தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியவர்கள், முன்பணத்துக்காகச் செங்கற்சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள், கல் உடைப்பவர்கள், நாற்று நடுபவர்கள், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குபவர்கள், பிறவியைக் காரணம் காட்டித் தெருக் கூட்டும் தொழிலில் தள்ளப்பட்டவர்கள், கணவன் இறந்தோ கைவிட்டோ தனித்து நிற்பவர்கள். படிப்பில் ஆசையில்லாமல் இவர்கள் நின்றுவிடவில்லை. குடும்பத்தின் வறுமைக்கும் சமூகத்தின் கொடுமைக்கும் முதலில் பலியிடப்படுவது பெண்ணின் படிப்பு, அவ்வளவே.

இழந்த படிப்பைப் பின்னாளில் மீட்கலாம் என்பது புதிய கனவன்று. சென்னை நகரமே அதற்குச் சாட்சி. பதினொரு வயதில் விவாகமாகி, உடனே விதவையான சுப்புலட்சுமி அம்மையார் 1911-இல் மாகாணக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். தாம் பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த பால்ய விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைத்தார். திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அவர்கள் வாழ்ந்து படித்து, ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். வயது கடந்த பெண்களுக்கு இடமில்லாதிருந்ததைக் கண்டு 1927-இல் சாரதா வித்தியாலயம் ஏற்பட்டது. அந்த விதவை விடுதி பிராம்மணப் பெண்களுக்கு மட்டுமே என்றிருந்த குறையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் 1930-இல் நிறுவிய அவ்வை இல்லம், பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்களுக்குப் புகலிடமாயிற்று.

ஸ்ரீமதி துர்க்காபாய் தேஷ்முக்கின் சரித்திரம் இவற்றினும் நேரான ருசு. குழந்தை விவாகத்தை உதறியவர்; உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்; வெளியே வந்த பின், விட்ட படிப்பைத் தனியாகத் தொடர்ந்து காசி சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷனில் தேறி, 1942-இல் சென்னையில் சட்டப் பட்டமும் பெற்றவர். 1937-இல் அவர் தொடங்கிய ஆந்திர மகிள சபையில் வயது வந்த பெண்கள் அதே பரீட்சைக்குப் படித்தார்கள். 45-வது விதியை இயற்றிய அரசியல் நிர்ணய சபையில் அவரும் ஓர் அங்கத்தினர். 1953-இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவியானார். அந்த வாரியமே 1958-இல் வயது வந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வி வகுப்பை ஏற்படுத்திற்று. பல வருஷப் பாடத்தை இரண்டே வருஷத்தில் படித்துப் பரீட்சைக்குப் போகலாம். நர்ஸாகவும் ஆசிரியையாகவும் கிராம சேவகியாகவும் போகப் பெண்கள் கிடைக்கவில்லை என்று எல்லோரும் குறை கூறிய காலத்தில், பெண்கள் இருக்கிறார்கள், சான்றிதழ்தான் இல்லை என்று கண்டுகொண்ட தீர்க்கதரிசனம் அது.

1989-இல் தொடங்கிய மகிளா சமாக்யா இயக்கம் ஐக்கிய மாகாணம் என்று முன்பு வழங்கிய உத்தரப் பிரதேசத்தின் பாந்தா ஜில்லாவில் ஒரு காரியம் செய்தது. வறண்ட அந்தப் பிரதேசத்தில் கைப்பம்பு கெட்டுவிட்டால் குடமெடுத்து மைல் கணக்கில் நடப்பவள் பெண். பழுது பார்க்க வர வேண்டியவனோ நகரத்து மெக்கானிக். தலித், ஆதிவாசிப் பெண்களுக்கே பம்பு ரிப்பேர் கற்றுக்கொடுத்தார்கள். கருவியைத் தொட்ட கை பின்பு எழுத்தையும் கேட்டது. புதிதாக எழுதக் கற்றவர்கள் தாங்களே ஒரு செய்தித்தாள் வெளியிட்டார்கள். அந்த முயற்சியின் வழித்தோன்றலாக 2002-இல் சித்ரகூடத்தில் பிறந்த 'கபர் லஹரியா' என்னும் பத்திரிகை, கிராமத்துப் பெண்களே செய்தி திரட்டி எழுதி நடத்தியது; 2009-இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசும் பெற்றது. பத்திரிகைத் தொழிலில் உள்ள நாம் இதைத் தலை வணங்கிக் குறிப்பிடுகிறோம்.

நமது புதுக்கோட்டையில் 1991-இல் எழுந்த அறிவொளி இயக்கமும் இதே பாடத்தைப் புகட்டிற்று. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிளேறிச் சென்றதைக் கண்டு முதலில் சிரித்தவர்கள் பிறகு வழிவிட்டார்கள். கல் குவாரிகளில் கூலிக்கு உடைத்தவர்களே சங்கமாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகைப் பத்திரத்தைப் படிக்கவும் கணக்கு எழுதவும் தெரிந்தால்தான் கூலிக்காரி குத்தகைக்காரியாக நிலைக்க முடியும். எழுத்து வேறு, தொழில் வேறு என்று பிரிக்க முடியாது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?

ஆயினும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்! எழுத்தறிவு கல்வி இலாகாவுக்கு. தொழிற்பயிற்சி திறன் வளர்ச்சி இலாகாவுக்கு. கிராமத்துப் பயிற்சி கிராம அபிவிருத்தி இலாகாவுக்கு. ஒரே பெண்ணின் தலையெழுத்தை மூன்று இலாகாக்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. மகிளா சமாக்யாவுக்கு மத்திய சர்க்கார் அளித்துவந்த ஆதரவு 2016-இல் நின்றது. 2022 முதல் 2027 வரை ஐந்து வருஷத்துக்கு வகுத்த புதிய எழுத்தறிவுத் திட்டத்தில் மத்திய சர்க்காரும் மாகாணங்களும் சேர்ந்து ஒதுக்கிய தொகை 1,037.90 கோடி ரூபாய். கற்பிக்க வேண்டியவர்கள் 5 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏறக்குறைய 207 ரூபாய்! எழுத்து, தொழில், படிப்பு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டுமாம். கற்பிப்பவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். தொண்டர்களின் தியாகத்தை நாம் போற்றுகிறோம். தொண்டர்களின் தியாகத்தைச் சர்க்கார் தன் சிக்கனமாக்கிக்கொள்வதைப் போற்ற முடியாது.

பள்ளியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1989-இல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது பரீட்சைக்கு உச்ச வயது வரம்பில்லை; ஐந்து வருஷத்துக்குள் பல தடவைகளில் எழுதித் தேறலாம். கதவு திறந்திருப்பது மெய். கூலி போகும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பீஸுக்குப் பணமில்லை, பஸ்ஸும் இல்லை என்றிருப்பவள் அந்தக் கதவு வரை நடந்து வருவது எப்படி?

"குழந்தைகளுக்கே பணம் போதவில்லை, வளர்ந்தவர்களுக்கு எங்கே போவது?" என்பது ஓர் ஆட்சேபம். தாய் படித்தால் பிள்ளை படிக்கும் என்று இதற்குப் பதில் சொல்வது வழக்கம். அது உண்மைதான், எனினும் நாம் அந்தப் பதிலில் ஒளிந்துகொள்ள விரும்பவில்லை. பிள்ளையின் நன்மைக்காக மட்டுமே தாய் படிக்க வேண்டும் என்றால், அவள் பிரஜையாக எண்ணப்படவில்லை என்றே அர்த்தம். வோட்டுச் சாவடியில் அவளுடைய வோட்டு யாருடைய வோட்டுக்கும் குறைந்ததன்று. கல்வியில் மட்டும் அவள் பிறர் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டியவளா?

"முதிர்ந்த வயதில் மூளை ஏறுமா?" என்பது இன்னோர் ஆட்சேபம். கேரளத்தில் 2018-இல் எழுத்தறிவுப் பரீட்சை எழுதிய கார்த்தியாயினி அம்மாள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மார்க்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 96. இதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது?

ஆகையால் நாம் கோருவன இவை. முதலாவது, பள்ளிப் படிப்பை இழந்த பெண் எவ்வயதினளாயினும் பத்தாவது வரை இலவசமாகப் படிக்கும் உரிமையைச் சட்டமாக்க வேண்டும். தயவாகக் கொடுப்பதை அடுத்த பட்ஜெட்டில் நிறுத்தலாம். உரிமையை நிறுத்த முடியாது. இரண்டாவது, படிக்கும் நாட்களுக்குக் கூலி நஷ்டத்தை ஈடுசெய்யும் உபகாரத் தொகை வேண்டும். மூன்றாவது, வகுப்பு அவள் ஊரிலேயே, அவளுக்கு ஒழியும் நேரத்தில் நடக்க வேண்டும். பக்கத்திலேயே குழந்தைகளைக் காக்கும் இடமும் வேண்டும். நான்காவது, படிப்பும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும். தொழில் என்றால் தையல் மெஷினும் ஊறுகாய் ஜாடியும் மட்டும் என்ற நினைப்பு ஒழிய வேண்டும். பம்பு, மின்சாரம், மோட்டார் வண்டி, கணினி முதலிய கூலி மிகுந்த தொழில்கள் ஆண்களுக்கென்று யாரும் பட்டயம் எழுதிவைக்கவில்லை. பயிற்சி முடிந்த பின் வேலையும் கடனுதவியும் கிடைக்காவிட்டால், சான்றிதழ் சுவரில் மாட்டும் படமாகவே முடியும்.

சர்க்காரைப் பற்றி இவ்வளவு சொன்னோம். இதை வாசிக்கும் தேசத் தொண்டர்களிடமும் நமக்கு ஒரு வார்த்தை உண்டு. மகாநாடுகளுக்குப் பெண்களை லாரியில் அழைத்து வருகிறோம். பந்தல் நிறைந்தது என்று மகிழ்கிறோம். பந்தலைப் பிரித்த மறுநாள் அவர்களில் எத்தனை பேருக்கு மனு எழுதத் தெரியும் என்று கேட்டதுண்டா? ஒவ்வோர் ஊரிலும் கட்சிக் காரியாலயங்கள் மாலை வேளையில் வெறும் பேச்சுக்கு இடமாயிருக்கின்றன. அந்த அறையில் ஒரு விளக்கும் பலகையும் வைக்கத் தடையென்ன? நமது வீட்டில் வேலை செய்யும் பெண், "பரீட்சைக்குப் போக வேண்டும், இரண்டு மணி முன்னால் விடுங்கள்" என்று கேட்டால், சம்பளத்தில் பிடிக்காமல் விடுவோமா? நமது மனைவியோ சகோதரியோ விட்ட படிப்பைத் தொடர விரும்பினால், அன்றைய சமையலை நாம் பார்த்துக்கொள்வோமா? மேடையில் பெண் கல்வியைப் பற்றி முழங்குவதற்கு முன் இக்கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியிடம் பதில் சொல்லிக்கொள்வது நலம்.

கடன்பட்டவன் காலம் கடத்தலாம். கடன் கொடுத்தவர் ஒவ்வொருவராக இறந்துபோவார் என்று காத்திருக்கவும் செய்யலாம். 1960-இல் தவணை தவறியபோது ஆறு வயதாயிருந்த பெண்கள் இன்று பாட்டிமார்களாகிவிட்டார்கள். அவர்களில் பலர் இன்னும் பென்ஷன் பாரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலிலுள்ள மையைச் சுவரில் துடைக்கிறார்கள். அந்த மைக்கறை அவர்களுடைய வெட்கமன்று; நம்முடைய வெட்கம். முதலும் வட்டியுமாகக் கணக்கைத் தீர்க்க, அவர்கள் உயிரோடிருக்கும்போதே நமது சர்க்கார்கள் முன்வருமா?