டீப் டிஷ்ஷும் பீட்சாதான்

சிகாகோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, நியூயார்க்கிலிருந்து வந்த மருமகனின் நண்பர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "அங்கிள், இந்த ஊர் டீப் டிஷ் பீட்சாவே இல்லை." முன்னாள் குமாஸ்தாவாகக் கேட்கிறேன், இந்த விதி எந்த கெஜட்டில் வந்தது?

ஆழமான தட்டு, சீஸ் அடியில், தக்காளி மேலே. எல்லாம் தலைகீழ் என்பது அவர் புகார். அரைமணி நேரத்துக்கு மேல் அடுப்பில் வேகும் பண்டம் அது. சீஸ் மேலே இருந்தால் கருகிவிடும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கும் 'தார்த்' ஞாபகம் வந்தது. அதற்காகப் பெயரைப் பறிக்கலாமா?

1943-இல் சிகாகோவில் தொடங்கிய பிட்ஸேரியா ஊனோதான் இதன் பிறப்பிடம் என்பார்கள். எண்பது வருஷம் போதாதா? நேபிள்ஸ்காரர் பெருமைப்படும் தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனதுதானே!

நம் காஞ்சிபுரம் இட்லி மூங்கில் குடலையில், மிளகும் சீரகமும் சேர்ந்து வேகிறது. அதை இட்லி இல்லை என்று யாராவது சொல்வோமா?

ஊர் மாறினால் பண்டம் மாறும், பேச்சும் மாறும். என் பேரப்பிள்ளைகள் பேசும் தமிழில் அமெரிக்க வாடை அடிக்கிறது. தூய்மை பார்க்கிறவர்கள் பீட்சாவோடு நிற்கமாட்டார்கள். நாளை அந்தக் குழந்தைகளையும் தமிழரில்லை என்பார்கள். அதனால்தான் இப்போதே மறுக்கிறேன்.