நன்றிக்கடனும் கடைக்கடனும்



கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கையிலுள்ள பொருள் வேலையை முடிக்கப் போதுமா என்று கணக்கிட வேண்டும் என நம் ஆண்டவர் உவமை சொன்னதை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். சீடராகும் வாழ்வைக் குறித்துச் சொன்ன உவமைதான் அது. ஆயினும், தச்சர் வீட்டில் வளர்ந்த அவருக்கு, கணக்குப் பாராமல் தொடங்கிய வேலை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது நன்கு தெரிந்திருக்கும். இம்மாதம் அவ்வுவமையை மனத்தில் வைத்துக்கொண்டு, நமக்குத் தொலைவிலிருந்தாலும் விசுவாசத்தால் நெருங்கிய ஒரு தீவுக்குச் சென்று வருவோம்.

பசிபிக் மாகடலின் மேற்குப் பகுதியில் உள்ளது குவாம் தீவு. பரப்பு ஏறத்தாழ 549 சதுர கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 1,53,836. அங்குள்ள பூர்வ குடியினர் சமோரோ இனத்தவர். இயேசு சபைக் குருவான தியேகோ லூயிஸ் தெ சான் வித்தோரெஸ் 1668-இல் அங்கு நற்செய்தியைக் கொண்டு சென்றார். 1672-இல் அவரும், அவருடன் இருந்த இளம் வேதியர் பேதுரு கலுங்சோதும் அத்தீவிலேயே இரத்தம் சிந்தி மறைசாட்சிகள் ஆயினர். கலுங்சோத் 2012-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். இன்றும் தீவினருள் பெரும்பாலோர் கத்தோலிக்கரே. அங்குள்ள 19 ஊர்களிலும் பாதுகாவலர் திருவிழா நடைபெறும். வந்தவர்க்கெல்லாம் விருந்து உண்டு. டிசம்பர் 8-ஆம் நாள் தலைநகராகிய ஹகாத்ஞாவில் அன்னை மரியாளின் திருச்சொரூபம் பவனியாக எடுத்துச் செல்லப்படும். நம் ஊர்த் தேர்த்திருவிழாவைக் கண்டவர்களுக்கு அக்காட்சி அந்நியமாய்த் தோன்றாது.

1898 முதல் அத்தீவு அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவத் திருநாளன்று, மக்கள் கோவிலில் இருந்த வேளையில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. இரண்டரை ஆண்டுக்கு மேல் நீடித்த அந்த ஆக்கிரமிப்பின் இறுதியில், 1944 ஜூலை 12-ஆம் நாள், தம் மக்களுக்குத் துணைநின்ற சமோரோக் குரு இயேசு பாசா துவேஞாஸ் கொல்லப்பட்டார். அதற்கு ஒன்பது நாள் கழித்து அமெரிக்கப் படைகள் கரையிறங்கின. 1950-இல் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது.

அன்று முதல் குவாமின் பிள்ளைகள் பெருந்தொகையாய்ப் படையிற் சேர்ந்து வருகின்றனர். மக்கள் தொகையை வைத்துப் பார்த்தால், அமெரிக்கக் கொடியின் கீழுள்ள இடங்களுள் மிக அதிகமானோரைப் படைக்கு அனுப்பும் இடங்களில் குவாமும் ஒன்று. வியட்நாம் போரில் மட்டும் அச்சிறு தீவு எழுபதுக்கும் மேற்பட்ட தன் மைந்தரை இழந்தது. எனினும் தீவில் வாழும் ஒருவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்க இயலாது. யாருடைய ஆணைக்கு உயிரைக் கொடுக்கச் சித்தமாயிருக்கிறாரோ, அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. அத்தகைய வீரர் பணி முடிந்து வீடு திரும்பும்போது, அவருக்கு நாம் பட்டிருக்கும் நன்றிக்கடன் சிறியதாகுமோ?

ஆனால் மார்பில் தொங்கும் பதக்கம் அடுப்பில் உலையேற்றாது. இருபது ஆண்டு பணியாற்றியவருக்கு ஓய்வூதியம் உண்டு; அதற்கு முன்பே வெளியேறியவர்களுள் பலருக்கு அது இல்லை. தீவில் வேலை என்றால் பெரும்பாலும் அரசு அலுவலகம், படைத்தளம், சுற்றுலா விடுதி ஆகிய மூன்றே. 2019-இல் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தனர். அடுத்த ஆண்டே பெருந்தொற்றினால் கடற்கரை வெறிச்சோடியது. 2023 மே மாதத்தில் மாவார் என்னும் சூறாவளி தாக்கி, பல இல்லங்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. ஆகவே, பிறர் தரும் வேலையை எதிர்பாராமல் சொந்தக் காலில் நிற்கச் சிறு தொழில் ஒன்றைத் தொடங்க விழையும் வீரர்கள் பலர்.

அப்படி ஒருவரை உருவகப்படுத்திப் பார்ப்போம். வயது நாற்பத்திரண்டு. கடற்படையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ளனர். வீட்டின் பின்புறத்தில் படகு இயந்திரம் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை அமைக்க எண்ணுகிறார். கைத்திறன் உண்டு, காலம் தவறாமை உண்டு, சொன்ன வேலையைச் செய்து முடிக்கும் பழக்கம் உண்டு. பின் என்ன குறை?

குறை இதுதான்: பொருளின் விலையைப் பற்றி அவர் நினைக்க வேண்டிய தேவை இருபது ஆண்டுகளாக நேர்ந்ததில்லை. படையில் உதிரிப் பாகம் வேண்டுமெனில் படிவத்தை நிரப்பினால் வந்து சேரும். பட்டறைக்கு வாடகை இல்லை. ஒரு மணி நேர வேலைக்கு என்ன கூலி என்று எவரும் கேட்டதில்லை. இப்போதோ, ஒவ்வொரு திருகாணிக்கும் தாமே முதல் போடவேண்டும்.

தீவாக இருப்பதனால் இச்சுமை இரட்டிப்பாகிறது. பெரும்பாலான சரக்குகள் கடல் கடந்து கப்பலில் வரவேண்டியவை. ஹவாய்த் தீவே அங்கிருந்து ஆறாயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இன்று கேட்ட பாகம் நாளை கிடைக்காது. விமானத்தில் வரவழைத்தால் கட்டணம் இலாபத்தை விழுங்கிவிடும். எனவே தேவைப்படும் பாகங்களை முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைத்தாக வேண்டும். அவ்வாறு அடுக்கி வைத்ததெல்லாம் அவருடைய பணமே. விற்கும் வரை அது அலமாரியில் தூங்கும். உப்புக் காற்றில் துருவும் ஏறும். கணக்குப் புத்தகத்தில் இலாபம் தெரியும்போதே கைப்பெட்டியில் காசில்லாமற் போவது இதனால்தான். தீவில் தொழில் தொடங்குவோர் முதலில் கற்கவேண்டிய பாடம் இது.

இதற்கெல்லாம் உதவி உண்டா எனில், உண்டு. 1944 ஜூன் மாதம், குவாமில் படைகள் இறங்குவதற்கு ஒரு மாதத்துக்கு முன், அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்று, போரிலிருந்து திரும்புவோர் கல்வி பெறவும், வீடு, நிலம், தொழில் ஆகியவற்றுக்குக் கடன் பெறவும் வழி செய்தது. 1953-இல் சிறு தொழில்களுக்கென்றே அங்கு ஓர் அரசுத் துறை நிறுவப்பட்டது. படையை விட்டு வெளியேறுவோர்க்கும் முன்னாள் வீரர்க்கும் தொழிலின் அடிப்படைகளை இரண்டு நாளில் கற்பிக்கும் வகுப்பை அத்துறை நடத்துகிறது. குவாம் பல்கலைக்கழகத்திலுள்ள சிறு தொழில் மையத்தில் ஆலோசனை பெறலாம். பணியில் ஊனமுற்ற வீரர்களின் சிறு தொழில்களுக்கு, அமெரிக்க நடுவண் அரசின் ஒப்பந்தத் தொகையில் நூற்றுக்கு 3 பங்கு செல்லவேண்டும் என்று நெடுங்காலம் இருந்த இலக்கு, 2024 முதல் 5 பங்காக உயர்த்தப்பட்டுள்ளது. பெரும் படைத்தளங்கள் உள்ள தீவில் இது சிறிய வாய்ப்பன்று.

எனினும் இவ்வுதவிகளுள் தலையாயது பணமன்று என்பது என் துணிபு. வீரரின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஒரு மனிதரே அவருக்கு முதல் தேவை. தீவில் எத்தனை படகுகள் உள்ளன? அவற்றை இப்போது யார் பழுது பார்க்கிறார்? மாதத்துக்கு எத்தனை வேலை வந்தால் செலவு ஈடாகும்? புயல் வந்து ஒரு மாதம் பட்டறை மூடினால் குடும்பம் எதை உண்ணும்? காப்புறுதி எடுத்தாயிற்றா? ஓய்வூதியத்தைத் தொழிலில் போடாமல் அடுப்புக்கென்று ஒதுக்கினீர்களா? இவற்றுக்கு விடை எழுதிய பின்னரே கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். எழுதிப் பார்த்து, இத்தொழில் வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்தாலும் அது தோல்வியாகாது. கோபுரத்துக்கு அடித்தளம் போடுமுன் கணக்குப் பார்த்தவர் அவர்.

கேள்விகளுக்கு முன் பணிந்து அமர்வது பழைய படைவீரருக்கு எளிதன்று. ஆணையிட்டுப் பழகியவர், தம் பிள்ளை வயதுடைய ஆலோசகரிடம் பாடம் கேட்க வேண்டும். இங்கே புனித இஞ்ஞாசியாரை நினைப்பது நலம். 1521 மே மாதம் பம்ப்லோனாக் கோட்டையைக் காத்து நின்றபோது பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து, போர்வாழ்வு முடிவுற்ற வீரர் அவர். மனம் திரும்பிய பின், தம் முப்பத்து மூன்றாம் வயதில், பார்சிலோனா நகரில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் மொழியின் அரிச்சுவடி கற்றார். அந்த நாணத்தை அவர் ஏற்றிராவிடில் இயேசு சபை தோன்றியிருக்குமா? அச்சபையின் குருவே குவாமுக்கு நற்செய்தி கொண்டு சென்றார் என்பதையும் மறவாதிருப்போம்.

இனி, அரசாலும் பல்கலைக்கழகத்தாலும் தீர்க்க இயலாத ஒன்று உண்டு. சமோரோ மக்களிடையே சென்சுலே என்றொரு வழக்கம் நிலவுகிறது. திருமணம், திருமுழுக்கு, இறப்பு ஆகிய வேளைகளில் உற்றார் பணமோ பொருளோ உழைப்போ கொடுத்து உதவுவர். பெற்றவர் வேளை வரும்போது திருப்பிச் செய்வர். நம் மொய்யை ஒத்தது அது. ஆதரவற்றுப் போகாமல் ஒருவரை ஒருவர் தாங்கும் அழகிய அறம். ஆனால் அவ்வறம் பட்டறை வாயிலில் நுழையும்போது இடர் விளைகிறது. சித்தப்பா படகைக் கொண்டு வருகிறார். உறவுக்காரர் அல்லவா, பணத்தை அடுத்த மாதம் தருகிறேன் என்கிறார். ஞானத்தந்தை பாதி விலை போதாதா என்கிறார். இல்லை என்று சொன்னால், ஊரை மறந்தவன் என்னும் பழி. சரி என்று சொன்னால், பாகம் வாங்கிய பணம் திரும்பாது. இப்படிப் பத்துப் பேர் அன்போடு கடன் சொல்லிச் சென்றால், ஓராண்டில் அந்தப் பட்டறைக்குப் பூட்டு விழும். எவரும் கெடுக்க நினைக்கவில்லை. கெடுத்தவர் அனைவரும் சொந்தக்காரரே.

நாட்டுக்காகப் பாடுபட்டவர் என்று மேடையில் மாலையிடுகிறோம். அதே கையால் அவர் கடையில் கடன் சொல்லுகிறோம். நன்றிக்கடனைத் தீர்க்கவேண்டிய நாம் கடைக்கடனை ஏற்றி வைக்கலாமா? ஏழைக் கூலியாளின் ஊதியத்தைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. கடைக்காரரும் உழைப்பாளியே. அவருக்கு உரிய விலையை உரிய வேளையில் கொடுப்பது தருமமன்று, நீதி. உழைப்பினால் மனிதன் பொருளை மட்டும் ஆக்குவதில்லை, தானும் மனிதனாய் நிறைவடைகிறான் என்பதே 1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலின் உட்கருத்து. போர்க்களத்தின் நினைவுகளால் உறக்கம் இழந்த ஒருவருக்கு, காலையில் எழுந்து திறக்க ஒரு கதவும், அவரை நம்பி வரும் ஒரு வாடிக்கையாளரும் இருப்பது பெரும் ஆறுதல். மருத்துவமும் மன்றாட்டும் அவருக்குத் தேவையே. அவற்றோடு நேர்மையான விலையும் தேவை.

குடும்பத்தினர்க்கும் ஒரு சொல். பட்டறையின் பேரேடும் வீட்டுச் செலவுக் கணக்கும் ஒரே நோட்டில் இருத்தலாகாது. கணக்கில் தெளிவுள்ள மனைவி, தயங்காமல் அப்பொறுப்பை ஏற்கட்டும். உறவினரிடம் "இல்லை" என்று சொல்லக் கணவர் கூசும்போது, "கணக்குப் புத்தகம் இடம் கொடுக்கவில்லை" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லலாம். உதவ விரும்பினால், திருமணத்துக்கோ இறப்புக்கோ, தம் வீட்டுப் பணத்திலிருந்து மனமுவந்து கொடுக்கட்டும். சென்சுலேக்கு இடம் அதுவே; பட்டறையின் முதலில் கைவைத்து அறம் செய்யலாகாது.

குவாமைப் பற்றிப் படித்துக்கொண்டே நம் பங்கை நினைத்திருப்பீர்கள். நம்மிடையேயும் ஓய்வுபெற்ற படைவீரர் உளர். ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கலாம். ஒருவர் மிதிவண்டிக் கடையோ தச்சுப் பட்டறையோ நடத்தலாம். இம்மாதம் மூன்று காரியங்களைச் செய்வோமாக. அவர் கடையில் நம் பெயரில் நிலுவை இருந்தால், அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு முன் அதைத் தீர்த்துவிடுவோம். விலையைக் குறைக்கும்படி உறவைக் காட்டிக் கேளாதிருப்போம். பங்கிலுள்ள வங்கி அலுவலரோ ஓய்வுபெற்ற கணக்காயரோ ஒருவர், மாதம் ஒரு மாலை அவரோடு அமர்ந்து பேரேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

நூற்றுவர் தலைவரின் விசுவாசத்தை வியந்து போற்றிய ஆண்டவர், படைக்கலத்தை இறக்கி வைத்துக் கைத்தொழிலை ஏற்ற ஒவ்வொருவரின் பட்டறையையும் ஆசீர்வதிப்பாராக. தச்சுப் பட்டறையில் வியர்வை சிந்திய புனித சூசையப்பர் அவர்களுக்குத் துணை நிற்பாராக. அவர்களுக்குச் சேரவேண்டியதை இன்றே கொடுக்கும் மனத்தை இறைவன் நமக்கும் அருள்வாராக.